நேர்த்திக் கூழ்

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு என்னை மீன் தராசில்தான் நிறுத்தார்கள்.

வேறு வழி இருக்கவில்லை. வருவதற்கு முன் நிறை எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்று கொழும்பில் இருந்து தாதி தொலைபேசியில் சொன்னாள். மருந்துக்கடைத் தராசு நூற்றிருபதோடு முடிந்துவிடும். நான் ஏறினால் முள் ஓடிப்போய் அந்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே அப்பா மீனவர் சங்கத்துச் செயலாளரிடம் சங்கக் கொட்டகைப் பூட்டின் திறப்பை வாங்கினார். குருநகரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. எல்லோரும் பூசையில் இருந்த நேரம் பார்த்து, மீன்பெட்டிகள் நிறுக்கிற இரும்புத் தட்டில் நான் செருப்போடு ஏறி நின்றேன். தட்டில் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

அப்பா முப்பது வருடமாக அந்தத் தராசுக்கு முன்னால் நின்று நிறை கூப்பிட்டவர். முள் நின்றதும் அவருடைய வாய் தானாகத் திறந்துகொண்டது.

“நூற்றி முப்பத்தி நாலு!”

கணக்கு எழுதுகிறவருக்குக் கேட்கட்டும் என்று ஏலத்தில் கூப்பிடுகிற அதே குரல். வெறும் கொட்டகையில் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வாசலில் காவல் நின்ற அம்மா ஓடிவந்து அவருடைய முதுகில் ஓங்கி அடித்தாள்.

“உங்களுக்கென்ன விசரே? ஊரைக் கூட்டுறியள்?”

“பழக்கத்திலை வந்திட்டுதப்பா.” அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு முகம் செத்துவிட்டது. “செருப்புக்கு அரைக்கிலோ கழிக்கலாம், பிள்ளை.”

பெட்டிக்கும் ஐஸுக்கும் கழித்துப் பழகிய மனுசன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய அழுகை வந்தது.

என்னுடைய நிறையை இன்னொருவர் சத்தமாகச் சொன்னது அது இரண்டாம் தடவை. முதல் தடவை பள்ளிக்கூடத்தில், பத்தாம் ஆண்டில். எல்லோரையும் நிறுத்து எழுதிய நாளில் வகுப்புத் தலைவி என்னுடையதை வாசித்தாள்: தொண்ணூற்றெட்டு. அன்றிலிருந்து ஜெனிற்றா என்ற பெயர் எனக்கு இல்லாமற் போனது. இடைவேளையில் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், “தொண்ணூற்றெட்டு, இடியப்பமோ? எத்தினை?” என்பார்கள். முதலில் மற்றவர்களுக்கு முன்னால் சாப்பிடுவதை நிறுத்தினேன். பிறகு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். ஓ.எல். சோதனை நடந்த நாட்களில் நான் வீட்டில் இருந்து அப்பாவின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். வலை யாருக்கும் பட்டம் வைப்பதில்லை.

இருபது வயதில் எனக்குச் சீனி வருத்தம் வந்துவிட்டது. படுத்தால் நித்திரையில் மூச்சு நின்று நின்று வந்தது. பிரான்ஸில் இருக்கிற என் அண்ணை றோய்தான் இந்த ஒப்பறேஷனைப் பற்றி விசாரித்தவன். இரைப்பையில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு கதலி வாழைப்பழம் அளவில் குழாயாகத் தைத்துவிடுவார்கள். அண்ணையிடம் இன்னொரு திட்டமும் இருந்தது. அவனோடு வேலை செய்கிற ஒரு பெடியன், நல்ல குடும்பம். மூன்று நாலு மாதம் கழித்து என்னுடைய புதுப் படம் ஒன்று அனுப்பினால் போதும்.

கொழும்பில் டொக்டர் என்னை முன்னால் இருத்தி, ஏன் இதைச் செய்ய விரும்புகிறாய் என்று கேட்டார். தொலைபேசியில் பேசிய மலையகத்துத் தாதிதான் அதைத் தமிழில் சொன்னாள். நான் வாயைத் திறக்க முதல் அம்மா முந்திக்கொண்டாள்.

“கலியாணம் பேசிக் கிடக்கு, டொக்டர்.”

டொக்டர் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்நியர்களோடு கதைக்கிறவள் இல்லை. கடையில் சாமான் வாங்கவும் துண்டு எழுதித்தான் கொடுப்பேன். ஆனால் அந்த மேசைக்கு முன்னால், அம்மாவின் பதில் என்னுடைய பதிலாகப் பதிவாகப் போகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்லை,” என்றேன். “எனக்கு மூச்சு வேணும்.”

அவர் அதை எழுதினார்.

ஈரலைச் சுருக்குவதற்காக ஒப்பறேஷனுக்கு முந்திய இரண்டு கிழமையும் சோறில்லை, பாணில்லை. பால், சூப், அவித்த மரக்கறி, முட்டை. அம்மா குசினியில் மீனைப் பொரித்துக்கொண்டே என்னைத் திட்டுவாள். “பட்டினி கிடந்து போய்க் கத்தியிலை படுக்கப் போறா. நல்லா இருக்கிற இரைப்பையை ஆரும் வெட்டுவினமே?” பொரியல் வாசம் எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு வரை நிற்கும். நான் அறைக்குள் இருந்து சூப்பைக் குடிப்பேன். ஒரு நாளும் ஒளித்துச் சாப்பிடவில்லை. என்னை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தும் சாப்பிடவில்லை.

அயலுக்கு, நான் கொழும்பில் கொன்வென்ரில் தையல் படிக்கப் போகிறேன் என்று சொல்லப்பட்டது.

ஒப்பறேஷன் அறைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, அம்மா நடைபாதையில் முழங்காலில் நின்றதாகப் பிறகு தாதி சொன்னாள். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு சின்ன அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. அவருக்குத்தான் அம்மா அங்கிருந்தே நேர்த்தி வைத்திருக்கிறாள். பிள்ளை உயிரோடு வெளியே வந்தால் ஒழுங்கை முழுக்கக் கூழ் ஊற்றுவதாக.

கண் விழித்தபோது வயிற்றை விட வலது தோள்தான் வலித்தது. வயிற்றுக்குள் அடித்த காற்று அங்கே வந்து குத்துமாம். வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள், ஐந்துக்கும் பிளாஸ்டர். அன்று பின்னேரமே தாதி என்னை எழுப்பி நடக்க வைத்தாள். மருந்து குடிக்கிற குட்டிக் கோப்பையில் தண்ணீர் தந்து, “இத குடிக்க கால் மணித்தியாலம் எடுங்க தங்கச்சி. அவசரப்பட்டா அது உங்களோட சண்டை பிடிக்கும்,” என்றாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி குடித்தேன். இரண்டு வாய்த் தண்ணீர். வயிறு நிரம்பிவிட்டது. பசியும் இல்லை. எத்தனையோ வருடமாக எனக்குள் இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை யாரோ நிறுத்திவிட்டது போல இருந்தது. பசியைக் கிளப்புகிற பகுதி வெட்டின துண்டோடு போய்விட்டது, கொஞ்சக் காலத்துக்கு அப்படித்தான் இருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு கிழமை முடியும்வரை நீராகாரம் மட்டும் என்று துண்டில் எழுதியிருந்தது. பன்னிரண்டாம் நாள், நான் வடித்த சூப்பைப் பார்த்தாலே ஓங்காளிக்கிற நிலைக்கு வந்திருந்தேன். அம்மா பனையோலைப் பிளாவில் ஏதோ ஆவி பறக்கக் கொண்டுவந்தாள். மணத்திலேயே தெரிந்துவிட்டது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சின ஒடியல் கூழ்.

“அம்மா, இது ஏலாது.”

“ஏன் ஏலாது? தண்ணிச் சாப்பாடெண்டுதானே எழுதிக் கிடக்கு? கூழைக் கடிக்கிறதே? குடிக்கிறது. நண்டு, இறால் ஒண்டும் விழாமல் வடிச்சுத்தான் கொண்டுவந்தனான்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குழந்தையில் இருந்து நாங்கள் குடிக்கிற சாமான். குடிக்கிறதென்றால் தண்ணீர்தானே. அரைப் பிளா குடித்தேன். கால் மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. ஒடியல் மா உள்ளே போய் உறைந்திருக்க வேண்டும். நெஞ்சுக்குழிக்குள் யாரோ முளைக்கம்பு அறைவது போல வலித்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சத்தி எடுத்தேன். புளியும் செத்தல் மிளகாயும் மூக்கால் வந்தன. அம்மா என் தலையைப் பிடித்தபடி எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அவளே கொழும்புக்கு எடுத்து, தொலைபேசியை என் காதில் வைத்தாள்.

“கூழ் குடிச்சனான், மிஸ்.”

“கூழா? கேப்பைக் கூழா? தண்ணியா கரைச்சதா?” என்றாள் தாதி.

“இல்லை. ஒடியல் மா. நண்டு, இறால், கணவாய், மீன்தலை, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி…”

தாதி இடையில் புகுந்தாள்.

“ஐயோ தங்கச்சி, அது கூழ் இல்ல, கல்யாண வீடு! காய்ச்சல் இருக்கா பாருங்க. காய்ச்சல் வந்தாலோ வலி நிக்காட்டியோ ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அம்மாவ ஃபோன எடுக்கச் சொல்லுங்க.”

அம்மா தொலைபேசியைக் காதில் வைத்து, “ஓம் மிஸ், ஓம் மிஸ்,” என்று எழும்பி நின்று சொன்னாள். சந்தையில் மீன் விற்கிற என் அம்மா இராசாத்தி இன்னொருவருக்கு எழும்பி நின்று பதில் சொன்னதை அன்றைக்குத்தான் கண்டேன். நல்ல காலம், காய்ச்சல் வரவில்லை. தையலும் தாங்கிக்கொண்டது.

ஆறாம் கிழமை அப்பா மறுபடியும் திறப்பு வாங்கினார். நூற்றிப் பதினாறு. இந்தத் தடவை வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கைவிரல்களால் காட்டினார்.

பதினெட்டுக் கிலோ போனால் ஒழுங்கைக்குத் தெரியாமல் இருக்குமா? முகம் வடிந்து, சட்டை தொங்கியது. அடுத்த வீட்டு நிரோஜினி அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன இராசாத்தி அக்கா, பிள்ளை தையல் படிக்கப் போய்த் தன்னையே பிடிச்சுத் தைச்சுக்கொண்டு வந்திட்டாளோ?”

அம்மா மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். “அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சனான். வாயைக் கட்டி, ஒறுத்தல் இருந்தவள். அவர் கைவிடேல்லை.”

நான் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.

அன்ரிக்கு லவீனா என்று ஒரு மகள். பதினைந்து வயது. பத்தாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது: பீப்பா. ஒரு பின்னேரம் அவள் எங்கள் கிணற்றடிக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது.

“அக்கா, உங்களுக்கு எத்தினையாம் நாள் பசி நிண்டது?”

“ஏன்?”

“எனக்கு ஒறுத்தல் தொடங்கி இண்டைக்குப் பதினாறாம் நாள். இன்னும் நிக்கேல்லை. விடியப் பிளேன்ரீ, பின்னேரம் ஒரு துண்டுப் பாண். வேறை ஒண்டும் இல்லை. அம்மா சொல்லுறா, எனக்கு விசுவாசம் காணாதாம். உங்களுக்கு இருந்தபடியால்தானாம் உங்களுக்கு நிண்டது.” அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். “ராவிலை கனவிலையும் சாப்பிடுறன், அக்கா. அதுவும் பாவமோ?”

என் பசியை வெட்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோனார்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “போய்ச் சாப்பிடு, லவீனா,” என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு கள்ளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பசி இல்லாதவள் பசிக்கிறவளுக்குச் சொல்கிற வார்த்தையா அது?

அன்றைக்கே அம்மாவிடம் போனேன்.

“நீங்கள் அன்ரிக்கு உண்மையைச் சொல்லுங்கோ.”

“நான் எங்கை பொய் சொன்னனான்? நேர்த்தி வைச்சன். நீ மெலிஞ்சாய். ரெண்டும் உண்மை.”

“நடுவிலை ஒண்டு கிடக்கு, அம்மா.”

“அது எங்கடை வீட்டுக்குள்ளை கிடக்கட்டும். இரைப்பை இல்லாத பொம்பிளை, பிள்ளை தங்குமோ தங்காதோ எண்டு நாளைக்குச் சந்தியிலை நிண்டு கதைப்பினம். றோய் அங்கை ஆக்களுக்குச் சொல்லியாச்சு. வாயைப் பொத்து.”

“லவீனா சாகப்போறாள்.”

“ஒருத்தரும் பாண் சாப்பிட்டுச் சாகேல்லை.”

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் லவீனா மயங்கி விழுந்தாள். சீமெந்துப் படியில் நெற்றி அடிபட்டு நாலு இழை தையல் போட்டார்கள். நிரோஜினி அன்ரி அன்று பின்னேரம் வேலியடியில் நின்று, “சோதனைதான். பிசாசு விடாது. இன்னும் பதினஞ்சு நாள்தானே,” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. மகளைப் பீப்பா என்று கூப்பிடுகிற உலகத்தில் இருந்து மகளை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தவள். எங்கள் வீடு அவளுக்குத் தவறான பாதையைக் காட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நேர்த்திக் கூழ்.

பூசை முடிந்து ஒழுங்கை முழுதும் எங்கள் முற்றத்துக்கு வந்தது. பெரிய கிடாரத்தில் கூழ் கொதித்தது. அப்பா நண்டும் கணவாயும் சந்தைக்கு விடாமல் வைத்திருந்தவர். சிறுவர்கள் பிளாவுக்கு அடிபட்டார்கள். அம்மா புதுச் சேலை கட்டி, அகப்பையோடு கிடாரத்தடியில் நின்றாள். நேர்த்திக் கூழில் முதல் பிளா யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆளுக்கு. அந்த ஆள் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான்.

அம்மா பிளாவை நிரப்பி எனக்கு நீட்டினாள். குனிந்து, காதுக்குள் சொன்னாள்: “வாயிலை வைச்சுப்போட்டு விடு. குடிச்ச மாதிரி.”

எழுபது எண்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் மூன்று பேர் என்னோடு படித்தவர்கள். நான் மனிதர்களுக்கு முன்னால் வாயில் ஒன்றை வைத்து ஐந்தாறு வருடம். கூழ் விளிம்பால் வழிந்து விரலைச் சுட்டது. கூட்டத்துக்குப் பின்னால், மதிலோடு போட்டிருந்த கதிரையில் லவீனா இருந்தாள். நெற்றியில் கட்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை. பிளாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயில் வைத்துவிட்டு விட்டால் போதும். எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

நான் நடந்தேன். கூட்டம் வழி விட்டது. லவீனாவுக்கு முன்னால் போய் நின்று பிளாவை அவள் கையில் வைத்தேன்.

“குடி.”

“ஏய், உவள் ஒறுத்தலிலை இருக்கிறாள்!” என்று நிரோஜினி அன்ரி பாய்ந்து வந்தாள். “உனக்குத் தெரியாததே? நீ இருந்துதானே மெலிஞ்சனி?”

“இல்லை, அன்ரி.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் யாரோ, “என்னவாம்?” என்றார்கள். அப்போதுதான் எனக்கு அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது, வெறும் கொட்டகையில் சுவரில் பட்டுத் திரும்பின குரல். அது எனக்குள்ளும் இருக்கத்தான் வேண்டும், நான் அவருடைய மகள்.

“நான் நூற்றி முப்பத்தி நாலு கிலோ இருந்தனான்!” என்று கத்தினேன். “சங்கத்துத் தராசிலை நிறுத்தது. கொழும்பிலை தையல் படிக்கேல்லை. என்ரை இரைப்பையை வெட்டி எடுத்தவை. அதோடை பசியும் போட்டுது. அதாலைதான் மெலிஞ்சனான். வாயைக் கட்டி இல்லை. லவீனாவுக்கு முழு இரைப்பை கிடக்கு. அவளுக்குப் பசிக்கும். பசிக்கத்தான் வேணும். அது பாவமில்லை, பிசாசும் இல்லை!”

பிளாவோடு நின்ற சிறுவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பொய்,” என்றாள் அன்ரி.

“அஞ்சு ஓட்டை கிடக்கு. அறைக்குள்ளை வாங்கோ, காட்டுறன்.”

அவள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைத் தூக்கினேன். என் வயிற்றை அம்மாவுக்கும் காட்ட வெட்கப்படுகிறவள் நான். தொங்குகிற தோலும் வரிகளும் அப்படியே இருந்தன. நான் வயிற்றை உள்ளே இழுக்கவில்லை. அன்ரி ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஐந்தாவதில் விரல் நின்றது.

“நொந்ததோ, பிள்ளை?”

“ஓம்.”

“ஏன்டி முதலே சொல்லேல்லை?” அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு என் கட்டிலில் இருந்துவிட்டாள். “அவள் கிணத்தடிக்கு வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயடி.”

நான் சட்டையை இறக்கிவிட்டு, அவளுடைய கையைப் பிடித்து எழுப்பினேன்.

நாங்கள் வெளியே வந்தபோது லவீனா பிளாவைத் துடைத்து நக்கி முடித்திருந்தாள். எழும்பிப் போய்க் கிடாரத்தடியில் நின்று, வெறும் பிளாவை அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். முகம் கறுத்திருந்தது. பிரான்ஸ், படம், பெடியன் எல்லாம் அந்தக் கிடாரத்துக்குள் விழுந்து கரைந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்து, “கலியாணம் போச்சு,” என்றாள்.

“போகட்டும்.”

“உனக்கு வாய் எப்ப முளைச்சது?”

“இப்பதான்.”

யாரோ சிரித்தார்கள். அப்பாவாக இருக்கலாம். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அகப்பையை அடிவரை விட்டுக் கிண்டி, நண்டுக்கால் ஒன்றைத் தேடிப் பிடித்து லவீனாவின் பிளாவில் போட்டாள். “என்ரை நேர்த்தி என்ரை நேர்த்திதான். டொக்டரின்ரை கையை ஆர் பிடிச்சதெண்டு எனக்குத் தெரியும். இந்தா, குடி. மெல்லக் குடி, பதினஞ்சு இருவது நாளாய்க் காய்ஞ்ச வயிறு.” பிறகு சனத்தைப் பார்த்து, “என்ன பாக்கிறியள்? முதல் பிளா போயிட்டுது. வந்து வாங்குங்கோவன்!” என்று சத்தம் போட்டாள்.

பிளாக்கள் நீண்டன. சனம் குடித்துக்கொண்டே என்னைப் பற்றிக் கதைத்தது. இரைப்பை இல்லாமல் எப்படி உயிர் வாழ்கிறது, தோல் இப்படியே தொங்குமா, பிள்ளை பெறுமா. எல்லாம் எனக்குக் கேட்டது.

நான் குசினிக்குள் ஒதுங்கிச் சாப்பிடவில்லை. எனக்காக அவித்து மசித்து வைத்திருந்த மீனில் இரண்டு கரண்டியை ஒரு சின்னக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து, முற்றத்தின் நடுவில் கதிரையைப் போட்டு இருந்தேன். என்னோடு படித்த மூன்று பேரும் நேர் எதிரே நின்றார்கள். ஒரு நுனிக்கரண்டி எடுத்தேன். முப்பது தரம் மென்றேன். விழுங்கினேன். அடுத்ததுக்கு முன் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

அவர்கள் பார்த்தார்கள். இரண்டு கரண்டி முடிய இருபது நிமிடம் எடுத்தது. நான் அவசரப்படவில்லை.